ரவை போடாத துப்பாக்கிகள்

அபி, கார்த்தி, நீங்கள் இருவரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்து போடுகிற பித்தளைத் தட்டு ஏன் நடுவில் இப்படி நெளிந்து கிடக்கிறது என்று. தட்டில் ஒரு துப்பாக்கியும் அதற்கு மேலே சிறகு விரித்த ஒரு வாத்தும் செதுக்கியிருக்கும். வாத்தின் கழுத்து இப்போது உள்ளே அமுங்கிவிட்டது.

"கீழே விழுந்துட்டு" என்று சொல்லி இதுவரை சமாளித்தேன். கீழே விழுந்தால் விளிம்புதானே நெளியும், நடுவில் எப்படி நெளியும் என்று கார்த்தி ஒரு நாள் கேட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

போன வாரம் பத்திரிகையில் நம் வீட்டுக் கிணற்றின் கதையை எழுதினேன். இந்த வாரம் தட்டின் கதை. இது குற்றாலத்தில், எண்ணெய்க்குள் தொடங்குகிறது.

சாரல் பிடித்து ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும். அருவிக்குப் போகிற வழியில், எண்ணெய் தேய்த்துவிடும் கொட்டகை. இரண்டு மரப்பலகைகள். ஒன்றில் நான் குப்புறப் படுத்திருக்கிறேன். பக்கத்துப் பலகையில் இந்தியா முழுவதற்குமான ஒரு சங்கத்தின் தலைவர் குப்புறப் படுத்திருக்கிறார். வடநாட்டுக்காரர். வெள்ளை மீசை. ஆள் நல்ல உயரம். பலகைக்கு வெளியே கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

எண்ணெய் தேய்க்கிற சுடலை அண்ணன் அவர் முதுகில் சடார் சடார் என்று அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் தலைவர் "ஆஹா" என்கிறார்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் சங்கத்தின் செயலாளர், மதுரைக்காரர், சுந்தரம் சார். தலைவர் பேசுவதைத் தமிழில் எனக்குச் சொல்வார், நான் பேசுவதை இந்தியில் அவருக்குச் சொல்வார். சளி பிடிக்கும் என்று அவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. சாரலில் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் ஒரு காகிதக் கட்டைச் செருகியிருந்தார்.

தலைவர் தலையைத் தூக்கி ஏதோ சொன்னார். சுந்தரம் சார் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தார்.

"தலைவர் கேக்குறாருண்ணே. கையெழுத்துப் போடுறீங்களா?"

நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். முழங்கை வரை நல்லெண்ணெய் வழிந்தது.

"சார், கையெல்லாம் எண்ணெய். பேப்பர் பாழாயிரும்."

பிள்ளைகளே, அன்றைக்கு அந்த எண்ணெய் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. அது என்ன காகிதம் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வராதவனுக்கே பதவி

நம் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சங்கத்துக்கும் ஆள் போட வேண்டும் என்றால், அன்றைக்குக் கூட்டத்துக்கு வராதவனைப் போட்டுவிடுவார்கள். வந்தவன் வேண்டாம் என்று சொல்லுவான், வராதவன் சொல்ல முடியாது அல்லவா? உங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்தில் அம்மா பொருளாளர் ஆனது எப்படி? சங்கரன்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்ததால்தான்.

நான் அன்றைக்கு அச்சன்புதூர் டீக்கடைக் கூட்டத்துக்குப் போகவில்லை. பம்புசெட் ரிப்பேர். மதியம் வீட்டுக்கு வந்தால் வாசலில் காதர் அண்ணாச்சி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏலே செல்லத்துரை, ஒன்ன டெல்லிக்கு அனுப்பியாச்சு."

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

"நம்ம குளத்துத் தாரா வாத்துக்கெல்லாம் நீதான் இனிமே எம்.பி."

காதர் அண்ணாச்சியை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடையநல்லூரிலிருந்து பைக்கில் வரும்போதெல்லாம் உங்களுக்கு அல்வாப் பொட்டலம் கொண்டுவருகிற காதர் மாமாதான். பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் சவூதியில் பல வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். மணலுக்கு நடுவே, குடிக்கிற தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊற்றுகிற வேலை. திரும்பி வந்ததும் தண்ணீர் ஓரத்தில்தான் நிலம் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்து, எங்கள் குளத்துக் கரைக்குக் கீழே, என் வயலை ஒட்டி வாங்கினார். இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு மடை வாய்க்கால்தான். அதைத் தாண்ட ஒரு பனந்தடி போட்டிருக்கும்.

இனி அந்தச் சங்கம். நாடு முழுக்கத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. குறி பார்த்துச் சுட்டுப் பதக்கம் வாங்குகிறவர்கள் உண்டு. துப்பாக்கிக் கடைக்காரர்கள் உண்டு. சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகும் அந்த ஆசை நிற்காத பழைய வீட்டுப் பெரியவர்களும் உண்டு.

ஒரு காலத்தில் ஏரி குளங்களில் வாத்துச் சுடப் போகிறவர்களுக்கென்று அதில் ஒரு பிரிவும் நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலியும் இருந்தன. வேட்டை நின்றதும் நாற்காலி காலியாகிவிட்டது. சட்டதிட்டத்தில் "நீர்நிலைப் பறவைகளுக்காகத் துப்பாக்கி வைத்திருப்போர்" என்றுதான் எழுதியிருந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு, குளத்தடியில் வயல் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் அதற்குள் நுழைந்துவிட்டோம். நாங்களும் பறவைக்காகத்தானே துப்பாக்கி வைத்திருக்கிறோம்!

ஆனால் நாங்கள் சுடுவதில்லை.

ஒற்றை வெடி கூடாது

நாற்றங்காலில் முளை கட்டிய நெல்லைப் பாவியதும் எப்படித்தான் தெரியுமோ, குளத்திலிருக்கிற தாராக்கள் இருட்டு விலகும் முன்பே கரையைத் தாண்டி இறங்கிவிடும். பழுப்பு நிறத்தில் சின்ன வாத்துகள். பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால் சேறுதான் இருக்கும், விதை இருக்காது.

அதற்குத்தான் துப்பாக்கி. கருமருந்தும் தேங்காய் நாரும் வைத்துக் கெட்டித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. ஈய ரவை போடுவதில்லை. சத்தத்துக்கு எல்லாம் எழுந்து குளத்து நடுவுக்குப் போய்விடும். அன்றைக்கு முழுக்கத் திரும்பாது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. என் வயலில் மட்டும் வெடி போட்டால் அவை குளத்துக்குப் போகாது. வாய்க்காலைத் தாண்டிக் காதர் அண்ணாச்சியின் நாற்றங்காலில் இறங்கிவிடும். அவர் மட்டும் போட்டால் என்னிடம் வரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெடித்தால்தான் வேறு வழி இல்லாமல் கரையைத் தாண்டும். அதனால் எங்கள் மடையில் ஒற்றை வெடி போடுவது பெரிய தப்பு. பெண் எடுத்துப் பெண் கொடுத்த வீடுகள் இதற்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிருக்கின்றன.

முன்பெல்லாம் விசில் அடித்து நேரம் பார்ப்பார்கள். எங்கள் காலத்தில் செல்போன் வந்துவிட்டது. காலைத் தொழுகைக்கு எழுந்ததும் காதர் அண்ணாச்சி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் வரப்பில் போய் நின்றுகொண்டு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர் வந்து சேர்ந்ததும் இன்னொன்று. அடுத்த நிமிஷம் இரண்டு வெடி.

இவ்வளவு வருஷத்தில் காலை நேரத்தில் நாங்கள் போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போர்வை போர்த்திய துப்பாக்கி

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நாட்டில் எல்லா இடத்திலும் உள்ள முறைதான். காதர் அண்ணாச்சி சவூதியிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட போர்வையில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன பாய், குளிரவா செய்யுது அதுக்கு?" என்று ஏட்டையா கேட்டார்.

"இல்ல சார், புது எடம். தூக்கம் வராதுல்லா" என்றார் இவர்.

அந்த வருஷம் ஓட்டுப் போட்டு முடிந்தும் எண்ணி முடிக்க நாளாயிற்று. எண்ணி முடித்தும், திருப்பிக் கொடுக்க மேலிடத்து உத்தரவு வரவேண்டும். அதற்குள் கார் பருவ நெல் சாகுபடி தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்து, குளம் பெருகி, எல்லாரும் நாற்றுப் பாவிவிட்டோம்.

ஓலைவெடி போட்டுப் பார்த்தோம். சாரலில் நமுத்துப் போனது. தகரம் தட்டிப் பார்த்தோம். அந்தச் சத்தத்துக்குத் தாராக்கள் பக்கத்து வயல் வரைதான் போகும். ஆளுக்கொரு தகரத்தோடு விடிய விடிய நின்றும் பலன் இல்லை.

என் வயல் மேடு, எனக்குப் பாதிதான் சேதம். அண்ணாச்சி வயல் பள்ளம், தண்ணீர் கட்டி நிற்கும், தாராக்களுக்கு அதுதான் பிடிக்கும். அவருக்கு ஒருமுறை பாவியது முழுக்கப் போனது. மறுபடி பாவினார். அதுவும் போனது. மூன்றாவது முறையாக விதையை ஊறப்போட்டிருந்தார். அதுவும் போனால் நடவுக்கு நேரம் தப்பிவிடும்.

துபாயில் இருக்கிற அவர் மகன் தினமும் போன் செய்து, நிலத்தை விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் சங்கத்தின் கூட்டம் குற்றாலத்தில் வந்தது. வடநாட்டுக்காரர்களுக்கு அருவி பார்க்க ஆசை. ஏற்பாடு முழுக்க நம் தலையில். மேலகரத்தில் ஒரு லாட்ஜைப் பிடித்துக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் குளத்துக்காரர்கள் டீக்கடையில் கூடினோம். சங்கத்தில் என்ன கேட்கவேண்டும் என்று எல்லாரிடமும் கேட்டேன். இரண்டு சொன்னார்கள். ஒன்று, தேர்தல் நேரத்திலும் நாற்றங்கால் துப்பாக்கியை எங்களிடமே விடச் சொல்லிக் கேட்கவேண்டும். இரண்டு, நம் குளத்தில் எவனையும் பறவை சுட விடக்கூடாது.

இரண்டாவதை மேசையைத் தட்டிச் சொன்னவர் காதர் அண்ணாச்சி.

மறுபடியும் பலகையில்

சுந்தரம் சார் சட்டைக்குள் வைத்திருந்தது ஒரு மனு. மேலிடத்துக்குச் சங்கம் அனுப்பப்போகிற மனு. குளங்களில் வாத்துகள் பெருகி உழவனின் பயிரை அழிக்கின்றன, ஆகவே குளிர்காலத்தில் மட்டும் பழையபடி வாத்துச் சுட அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்கு ஓர் உழவன் கையெழுத்து வேண்டும். அப்போதுதான் கனம்.

"நீங்க கேட்டதையும் கடைசிப் பக்கத்துல சேத்தாச்சுண்ணே. தேர்தல் நேரத்துல உங்க துப்பாக்கிய வாங்கக் கூடாதுன்னு" என்றார் சுந்தரம் சார்.

"அந்தப் பக்கத்த மட்டும் தனியா அனுப்பலாமா சார்?"

அவர் அதை இந்தியில் கேட்டார். தலைவர் பலகையில் கன்னத்தை வைத்தபடியே பதில் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் போகணுமாம். சுடவே இல்லைன்னா துப்பாக்கிச் சங்கத்துல உங்க பிரிவு எதுக்குன்னு கேக்குறாரு."

"வெடி நாங்களும்தான போடுதோம் சார். ரவை மட்டும்தான் போடல."

அதைக் கேட்டுத் தலைவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். எண்ணெயில் வழுக்கிப் பலகையிலிருந்து விழப்பார்த்தார். சுடலை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"அசையாம கெடக்கச் சொல்லுங்க சார். இடுப்பு எலும்பத் தேடிக்கிட்டிருக்கேன்."

சிரித்து முடித்ததும் தலைவர் வேறு குரலில் பேசத் தொடங்கினார். சுந்தரம் சார் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சின்ன வயதில் தலைவரை அவருடைய அப்பா படகில் அழைத்துப் போவாராம். பனி மூடிய ஏரி. விரல் விறைத்துப் போகும். அப்பா தன் கம்பளிக் கையுறையில் ஒன்றைக் கழற்றி இவருக்கு மாட்டிவிடுவார். இருவரும் ஆளுக்கொரு கையுறையோடு, பேசாமல், சிறகுச் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லையாம். அந்தப் படகில்தான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னும் ஒரே ஒரு காலை அப்படி வேணும்ங்கிறாரு. அவ்ளோதான்" என்றார் சுந்தரம் சார்.

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பாவமாக இருந்தது. போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் கையை விரித்து எண்ணெயைக் காட்டினேன். நாளைக்குக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் அருவிக்குப் போனோம்.

இரண்டு புரோட்டாவுக்கு நடுவே

அன்று சாயங்காலம் காதர் அண்ணாச்சி விருந்தாளிகளுக்குப் புரோட்டாவும் கோழியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். லாட்ஜ் மாடிப்படியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மனுவைப் பற்றிச் சொன்னேன்.

"போட்டிரு" என்றார், தலை நிமிராமல்.

"அண்ணாச்சி, தாரா சுடணும்னு எழுதியிருக்கு."

"எழுதட்டும். எவன் டெல்லியில இருந்து பெட்டி படுக்கையோட வந்து அச்சம்புதூர்ல தாரா சுடப் போறான்? நமக்குத் துப்பாக்கி வேணும்லே. கடைசிப் பக்கத்துல இருக்குல்லா?"

"எவனும் சுட வரப்படாதுன்னு நீங்கதான மேசையத் தட்டுனீக?"

அவர் புரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"அப்ப ரெண்டாந்தடவ பாவி, முளை பச்சையா நின்னுச்சு. தட்டுனேன். இப்ப மூணாந்தடவ ஊறப்போட்டிருக்கேன். ஒனக்கு மேட்டு வயலு. பேசுவ."

அவர் சொன்னது உண்மைதான்.

"எம் மவன் என்ன சொல்லுதான் தெரியுமா? 'வாப்பா, அங்க மணலுக்குத் தண்ணி ஊத்துனீங்க, இங்க வாத்துக்கு நெல்லு போடுதீங்க'ங்கான். சிரிக்கான்லே. நானும் போன்ல சிரிச்சுக்கிடுதேன்."

புரோட்டாவைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கையெழுத்துத்தானலே. எனக்காவப் போட மாட்டியா?"

பிள்ளைகளே, அவர் என்னிடம் அதுவரை எதையும் தனக்காக என்று கேட்டதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் பெஞ்சில் படுத்திருந்தவர். அபி பிறந்த அன்றைக்கு எனக்கு முன்னால் அவளைத் தூக்கியவர்.

"காலையில பாப்போம் அண்ணாச்சி" என்றேன்.

கை தூக்காதவன்

மறுநாள் லாட்ஜ் ஹாலில் கூட்டம். அருவியில் குளித்த எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். காதர் அண்ணாச்சி கடைசி வரிசையில், புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மனுவைப் படித்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கை தூக்கினார்கள். கடைசியில் காகிதம் என் முன்னால் வந்தது. அன்றைக்குக் கையில் எண்ணெய் இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். சபையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி இருந்த பக்கம் பார்க்காமல் பேசினேன்.

"எங்க குளத்துக்காரங்க துப்பாக்கியக் கேட்டு வரச் சொன்னாங்க. தாராவக் கேட்டு வரச் சொல்லல. அவங்க சொல்லாத எடத்துல நான் எப்படி சார் கையெழுத்துப் போட?"

சுந்தரம் சார் அதை இந்தியில் சொன்னார். யாரோ தும்மினார்கள்.

ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மனுவிலிருந்து எங்கள் கடைசிப் பக்கத்தைக் கழற்றினார்கள். அடுத்த தீர்மானம் வந்தது. குளத்துப் பிரிவை இனிப் பயிர்க்காவல் பிரிவோடு சேர்த்துவிடலாம், தனி நாற்காலி தேவையில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள், நான் ஒருவன் தூக்கவில்லை. பிறகு, அருமையாக ஏற்பாடு செய்தவர் என்று எனக்காகக் கை தட்டினார்கள். ஆளுக்கொரு பித்தளைத் தட்டு நினைவுப் பரிசு. எனக்கும் ஒன்று. துப்பாக்கியும் வாத்தும் செதுக்கிய தட்டு.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அண்ணாச்சி இல்லை. வாசலில் அவர் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வண்டியை நிறுத்தச் சொன்னார்

சாயங்காலம் தலைவரைக் கடையநல்லூரில் ரயில் ஏற்றிவிட நானும் சுந்தரம் சாரும் காரில் போனோம். குளத்துக் கரை வந்ததும் தலைவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார்.

வெயில் இல்லை. மலை மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. கார்க் கதவைச் சாத்திய சத்தத்துக்குக் கரையோரம் இருந்த தாராக்கள் எழுந்தன. ஒரு கூட்டம் எழ, அதற்குப் பின்னால் இன்னொரு கூட்டம். குளம் முழுக்கச் சீழ்க்கை.

தலைவருடைய கைகள் தாமாகவே மேலே போயின. இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இடது கண்ணை மூடினார். ஒரு தாராவைக் குறித்துக்கொண்டு, அது போகிற பக்கமெல்லாம் மெல்லத் திரும்பினார். விரல் மடங்கும் என்று பார்த்தேன். மடங்கவில்லை. அது கரைப் பனைகளைத் தாண்டி மறைகிற வரைக்கும் அப்படியே நின்றுவிட்டுக் கையை இறக்கினார்.

என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். இந்தி.

"என்ன சார் சொல்லுதாவ?" என்றேன்.

சுந்தரம் சார் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதே சத்தந்தானாம்ணே" என்றார்.

அந்த மனு பிறகு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. குளத்தில் இதுவரை யாரும் சுட வரவில்லை.

மிஸ்டு கால் வராத காலைகள்

வீட்டுக்கு வந்து தட்டைக் கொடுத்ததும் அம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"பதவிய வாங்கிக்கிட்டுத் தட்டக் கொடுத்தாங்களாக்கும்?"

"ஆமா."

"கனமாத்தான் இருக்கு. மீன் கழுவ ஆகும்."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் அவர் மூன்றாவது முறையாக நாற்றுப் பாவுவதை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓலைக் கொட்டானிலிருந்த விதையை இன்னும் வேகமாக வீசினார்.

துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருந்தது. அவருடைய பூப்போட்ட போர்வையும் அங்கேதான் இருந்திருக்கும்.

பாவிய இரண்டாம் நாள் கடையநல்லூரில் அவர் சொந்தத்தில் ஒரு துக்கம். அண்ணாச்சி நாளைக் காலை வயலுக்கு வர மாட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அன்று இரவு போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். விடியப்போகிற நேரத்தில் தானாக முழிப்பு வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

உங்கள் இருவரையும் தாண்டி மெதுவாக அடுப்படிக்குப் போனேன். தகர டப்பாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. கையில் பட்டது அந்தப் பித்தளைத் தட்டு. அம்மிக் குழவி பக்கத்தில் கிடந்த ஓர் இரும்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டேன்.

சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. என் நாற்றங்காலைத் தாண்டி நடந்தேன். பனந்தடி வழுக்கியது. தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து வாய்க்காலைக் கடந்தேன். அண்ணாச்சியின் வரப்பில் ஏறி நின்றேன்.

அவருடைய பள்ளத்து வயல் முழுக்கத் தாரா. இருட்டில் தலைகள் மட்டும் ஆடின. சளக் சளக் என்று தின்கிற சத்தம்.

தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் நடுவில் ஓங்கி அடித்தேன். இவ்வளவு சத்தம் வரும் என்று நானே நினைக்கவில்லை. மறுபடி அடித்தேன். வாத்தின் கழுத்தில்தான் அடிகள் விழுந்திருக்க வேண்டும். எல்லாம் சீழ்க்கை அடித்துக்கொண்டு எழுந்தன, என் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டன, வாய்க்காலைத் தாண்டி என் நாற்றங்காலில் போய் இறங்கின.

இறங்கட்டும் என்று நின்றேன்.

கரைக்கு மேலே வெளுக்கும்வரை அண்ணாச்சியின் வரப்பிலேயே குத்தவைத்து இருந்தேன். அவற்றில் ஒன்று தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தபோதெல்லாம் தட்டில் ஓர் அடி போட்டேன்.